பேய்ப்படக் காகிதங்களும் எல்லைக்கோடும்

பூதப்படப் பழம்பொருள் சேகரிப்பு என்றால் உலகச் சந்தையில் அதற்கொரு நிலைத்த அளவுகோல் உண்டு. 1961இல் அமெரிக்காவின் அரோரா நிறுவனம் விற்ற, வீட்டில் ஒட்டிச் சேர்க்கவேண்டிய பிராங்கன்ஸ்டைன் பொம்மை, அறுபதுகளில் ஜப்பானில் வந்த காட்ஜில்லா வினைல் பொம்மைகள் ஆகியவற்றின் பெட்டி பிரிக்கப்படாதிருந்தால் விலை பலமடங்கு ஏறும். குழந்தையின் கை படாத விளையாட்டுப் பொருளுக்கே மதிப்பு அதிகம் என்பது விந்தையான நீதிதான். இந்த அளவுகோலோடு பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களுக்கு வருபவர் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். தென்னாட்டின் பழைய பேய்ப்படங்கள் பொம்மையாகப் பெட்டியில் வரவில்லை, காகிதமாக வந்தன.

ஒரு விதிவிலக்கு 1984இல் வெளிவந்த ‘மை டியர் குட்டிச்சாத்தன்’. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான அது பார்வையாளர் கையில் ஒரு பொருளைக் கொடுத்தது. ஆனால் படம் முடிந்ததும் அந்தக் கண்ணாடியைத் திருப்பித் தந்துவிட வேண்டும். கண்ணாடிவழி கண்ணோய் பரவுகிறது என்ற வதந்தியை அடக்க, அது எவ்வாறு தூய்மை செய்யப்படுகிறது என்று பிரேம் நசீர், ரஜினிகாந்த், அமிதாப் பச்சன் போன்றோர் தோன்றி விளக்கும் காட்சியும் படத்தின் முன்னால் சேர்க்கப்பட்டது. அக்காலக் கண்ணாடி ஒன்று இன்று ஒரு வீட்டில் இருக்குமானால், அது கொட்டகை வாசலில் யாரோ ஒரு சிறுவனின் கால்சட்டைப் பையில் ஒளிந்து வந்ததாக இருக்கவே வாய்ப்பு மிகுதி.

மற்றபடி மிஞ்சியது பாட்டுப் புத்தகம். சில தாள்களில் நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாடல்கள். கதை முற்றும் இடத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’. வேறு படங்களில் இவ்வரி வெறும் விளம்பரம். பேய்ப்படத்தில் அதுவே கதையின் முடிச்சு: வந்தவள் பெண்ணா யட்சியா என்ற கேள்வியோடு தாள் முடிந்துவிடும். இரு மொழிப் படங்களும் ஓடிய எல்லையூர்களில் இரு மொழிப் புத்தகங்களும் ஒரே டிரங்குப் பெட்டியில் கிடந்திருப்பதில் வியப்பில்லை. பழைய பேப்பர்க் கடைக்கு அவை ஒன்றாகத்தான் போகின்றன. சேகரிப்பாளர் கைக்கு வந்த பிறகே பிரிகின்றன: தமிழ் ஓர் அடுக்கு, மலையாளம் ஓர் அடுக்கு.

அந்தப் பிரிப்பே தவறு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பேய்கள் அந்த ஆணையைப் படிக்கவில்லை. ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) படத்துக்கு ஒளிப்பதிவு செய்த ஏ. வின்சென்ட், அடுத்த ஆண்டே பஷீரின் எழுத்தில் ‘பார்கவி நிலையம்’ இயக்கினார். ஒருவர் கையில் உருவான இரு இருட்டுகள் இன்று இரு அலமாரிகளில் இருக்கின்றன.

நீலியின் நிலை இன்னும் மோசம். 2025இல் ‘லோகா’ படம் கள்ளியங்காட்டு நீலியை நாயகியாக்கியதும் ‘கேரளத்து யட்சி’ என்ற அடையாளம் எங்கும் ஒட்டிக்கொண்டது. கள்ளியங்காடு இன்று இருப்பதோ நாகர்கோவிலையொட்டி, குமரி மாவட்டத்தில். அங்கே நீலி இசக்கியம்மனாக வழிபடப்படுகிறாள். வில்லுப்பாட்டில் அவள் கதை பாடப்படுகிறது. இயக்கி, இசக்கி, யட்சி என்பன ஒரே சொல்லின் மூன்று உருவங்கள். நாளை நீலிக்கொரு பொம்மை வந்து, பெட்டியின் மேல் ‘யட்சி’ என்று மட்டும் அச்சாகுமானால், மற்ற இரண்டும் சேகரிப்பிலிருந்து மறையும்.

எழுத்தும் இதில் விளையாடுகிறது. மலையாளத்தில் ‘ചാത്തൻ’ வேறு, விவிலியத்தின் ‘സാത്താൻ’ வேறு. முதலெழுத்தே அவற்றைப் பிரித்துவிடும். தமிழில் இரண்டுக்கும் ஒரே சகரம். குட்டிச்சாத்தன் தமிழில் குட்டிச்சாத்தான் என்று நீளும்போது, சீத்தலைச் சாத்தனாரின் பெயரில் வாழும் பழைய சொல், தேவாலயத்தில் கேட்ட சாத்தானோடு கலந்துவிடுகிறது. கிறிஸ்தவர்கள் நிறைந்த இவ்வூர்களில் ஒரு பாட்டி அந்தப் படத்தின் பெயரை எப்படி உச்சரித்தார் என்பது, சுவரொட்டி கசங்காமல் இருக்கிறதா என்பதைவிடப் பெரிய செய்தி.

கோட்டையூரில் ரோஜா முத்தையா திரட்டியது பின்னர் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று; துண்டறிக்கையையும் நூலையும் ஒரே கண்ணால் பார்த்ததே அவர் தொகுப்பின் பலம். எல்லையூர்ச் சேகரிப்பாளர் அதற்கு மேலும் ஒன்று செய்யலாம். பென்சில் கிறுக்கல் உள்ள பாட்டுப் புத்தகத்தைக் ‘கழிவு’ என்று ஒதுக்கும் வழக்கம் வியாபாரிகளிடம் உண்டு. மலையாளப் பாட்டின் ஓரத்தில் தமிழ் எழுத்தில் யாரோ உச்சரிப்பை எழுதிவைத்த தாள்தான் தொகுப்பின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது. எந்த ஊர், எந்த வீட்டுப் பெட்டி, கொடுத்தவர் அந்தப் பேயை என்ன சொல்லிக் குறிப்பிட்டார் என்பதை உறையின் மேல் எழுதி வைத்தால் போதும். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.