பழுது காணும் பழக்கம்

2000ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ‘கவுண்டர் ஸ்டிரைக்’, 2020இல் வந்த ‘வெலோரண்ட்’ ஆகிய துப்பாக்கிச் சுடும் கணினி ஆட்டங்களை நம் மெர்போக் வட்டாரச் சிறாரும் அறிவர். ஐரோப்பிய வயதுத் தரப்பாட்டின்படி ‘வெலோரண்ட்’ 16 வயது நிரம்பியோர்க்கே உரியது. ஆதலின், தொடக்கப்பள்ளி மாணவர்க்கு அது வேண்டா என்பதே நமது துணிபு.

ஆயினும், ஆட்டம் தடுமாறுகையில் அண்ணன்மார் செய்வதை உற்று நோக்குக. ‘பிங்’ எனப்படும் மறுமொழி நேரம் 20 மில்லிநொடியிலிருந்து 200க்கு ஏறினால், கம்பியா, வைஃபையா, தொலைவிலுள்ள சர்வரா என ஒவ்வொன்றாய்ச் சோதிக்கின்றனர். அறிவியல் பாடம் கற்பிக்கும் ஆய்வுமுறையும் அதுவேயன்றோ! கணக்கில் விடை பிழைத்தாலும் அவ்வாறே வரிவரியாய்த் தேடுதல் வேண்டும்.

பெற்றோரே, கடிந்து கணினியை அணைப்பதோடு நில்லாதீர். “பழுது எங்கே? எவ்வாறு கண்டாய்?” என்று மூத்த பிள்ளையை வினவுங்கள், அப்பொறுமையைப் பாடநூலின்பால் திருப்புங்கள்.