ஹவ் டு நேம் இட்டும் புல்லரிப்புக் கோஷ்டியும்

திருப்பூரில் எந்த பேக்கரி வாசலில் வேண்டுமானாலும் டீ டைமுக்குப் போய் நில்லுங்கள். பனியன் கம்பெனிக்காரர்கள் வந்து கூடும் நேரம். கூட்டத்தில் ஐம்பதைத் தாண்டிய ஒருத்தர் கண்டிப்பாக இருப்பார். பக்கத்தில் நிற்கும் பையனின் செல்போனில் ஏதாவது புதுப்பாட்டு அலறினால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"இதெல்லாம் ஒரு மியூசிக்கா தம்பி? எம்பத்தாறுல ராஜா ஒண்ணு போட்டாரு, ஹவ் டு நேம் இட்டுன்னு. கேட்டிருக்கியா நீ?"

"இல்லீங்ணா."

"அதான!"

அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாச்சு. பையன் இனிமேல் கேட்பானா, கேட்டால் பிடிக்குமா என்பதெல்லாம் அவருக்குக் கவலையே இல்லை. அந்த ஆல்பத்தை அவர் கேட்பதற்காக வைத்திருக்கவில்லை. அடுத்தவன் தலையில் அடிப்பதற்காக வைத்திருக்கிறார்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆல்பத்தின் மேல் ஒரு குறையும் இல்லை. 1986ல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தமிழ்நாட்டில் நடந்த மிகப்பெரிய இசைத் துணிச்சல்களில் ஒன்று. பாட்டு வரி கிடையாது, கதாநாயகன் கிடையாது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் என்று சொல்லி, சினிமாவின் உச்சத்தில் இருந்த ஒரு மனிதர் வாத்திய இசையை மட்டும் நம்பிப் போட்ட ஆல்பம். பாக் 1750ல் இறந்தார். தியாகராஜர் பிறந்தது 1767ல். சந்திக்கவே முடியாத இரண்டு பேரை ஒரே வீட்டில் உட்கார வைத்துப் பேச விட்டால் எப்படி இருக்கும் என்பதுதான் கற்பனை. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற துண்டில் பாக்கின் மூன்றாவது வயலின் பார்ட்டிட்டாவின் தொடக்கப் பகுதி வரும், அதோடு நம்மூர் வயலின் சேர்ந்து பேசும். 1988ல் பாலுமகேந்திரா தன் 'வீடு' படத்துக்குப் பின்னணியாக இந்த ஆல்பத்தின் இசையைத்தான் எடுத்துப் போட்டார். ஆக, சரக்கு நல்ல சரக்கு. பிரச்சினை எல்லாம் அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிற கோஷ்டியிடம்தான்.

இந்த ஆல்பத்தில் ஒரு துண்டுக்குப் பெயர் 'டோன்ட் கம்பேர்'. அதாவது ஒப்பிடாதே! உலகத்திலேயே 'ஒப்பிடாதே' என்று பெயர் வைத்த இசையைக் கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பவர்கள் இவர்கள் மட்டும்தான் இருக்கும். ரஹ்மானோடு ஒப்பிடுவார்கள். யுவனோடு, அனிருத்தோடு ஒப்பிடுவார்கள். கடைசியில் இளையராஜாவையே இளையராஜாவோடு ஒப்பிடுவார்கள். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்க்கெஸ்ட்ரா அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனியை வாசித்தது. எண்பத்தோரு வயதில் ஒரு மனிதர் புதிதாக ஒன்றைச் செய்கிறார். அதற்கும் பழைய கேசட்டை அளவுகோலாக நீட்டிய ரசிகசிகாமணிகள் உண்டு. இதற்குப் பெயர் பக்தி இல்லை சாமி. அந்த மனிதரை 1986லேயே பூட்டிவைத்து, சாவியை இடுப்பில் சொருகிக்கொள்வது.

அடுத்த புலம்பல் கம்ப்யூட்டர் பற்றியது. "அப்போ அத்தனை பேரு உக்காந்து வயலின் வாசிச்சாங்க, இப்போ ஒருத்தன் லேப்டாப்புல தட்டுறான்." கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அதே 1986ல்தான் 'புன்னகை மன்னன்' வந்தது. கம்ப்யூட்டர் சீக்வென்ஸரைத் தமிழ் சினிமாவுக்குள் கொண்டுவந்த படம் அது. இசை யார்? அதே இளையராஜா. ஒரு கையில் பாக், இன்னொரு கையில் சீக்வென்ஸர், ஒரே வருஷத்தில்! அவருக்கு இல்லாத தீட்டு இவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

இது நம்மூர் வியாதி மட்டும் இல்லை. இங்கிலாந்தில் 1967ல் மூடி ப்ளூஸ் என்ற ராக் குழு, ஒரு நாளை விடியலிலிருந்து இரவு வரை விவரிக்கும் ஒரு ஆல்பத்தை முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு போட்டது. 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்'. அதையும் இப்படித்தான் பூஜை அறையில் வைத்திருக்கிறார்கள். அந்தக் குழு என்ன செய்தது தெரியுமா? 1968ல் வந்த அடுத்த ஆல்பத்திலேயே ஆர்க்கெஸ்ட்ராவைக் கழற்றிவிட்டது. டேப்பில் பதிந்த வயலின் சத்தத்தைக் கீபோர்டில் வாசிக்கும் மெல்லோட்ரானை வைத்துக்கொண்டு மேலே போய்விட்டது. படைத்தவன் நகர்ந்துவிடுகிறான். ரசிகன் மட்டும் பழைய பஸ் ஸ்டாப்பிலேயே நின்றுகொண்டு, பஸ் ஏன் வரவில்லை என்று திட்டிக்கொண்டிருக்கிறான்.

சரி, அந்த வயலின்கள் மேல் உண்மையிலேயே இவர்களுக்குப் பாசம் இருக்கிறதா? பரிசோதித்துப் பார்த்துவிடலாம். ஹவ் டு நேம் இட்டில் தனி வயலின் வாசித்தவர் யார் என்று கேளுங்கள். பத்தில் எட்டுப் பேர் முழிப்பார்கள். வி.எஸ். நரசிம்மன். அந்த ஆல்பத்தின் உயிரே அவர் வில்லில்தான் இருக்கிறது. திருப்பூரில் இருப்பவர்களுக்கு இது புரியாமல் போகக்கூடாது. பனியனின் கழுத்தில் பிராண்டு பெயர் லேபிளாகத் தொங்கும். கட்டிங் போட்டவர், ஓவர்லாக் அடித்தவர், பிசிறு வெட்டிய அக்கா, இவர்கள் பெயர் எந்த லேபிளில் இருக்கிறது? அதைச் சொல்லி ஆதங்கப்படுகிற அதே ஆள், இசையில் மட்டும் லேபிளை மட்டும் பார்த்துக் கும்பிடுகிறார். நரசிம்மன் பிறகு மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் என்ற குழுவை உருவாக்கி, கர்நாடக கீர்த்தனைகளை மேற்கத்திய நாலு தந்தி வாத்திய வடிவத்தில் வாசித்தார். பாக்கும் தியாகராஜரும் பேசிய அந்தப் பேச்சு தொடர்ந்துகொண்டேதான் இருந்தது. "இப்போ யாரு அப்பிடிப் பண்றா?" என்று உச்சுக்கொட்டுபவர்களில் எத்தனை பேர் அதைத் தேடிக் கேட்டார்கள்?

இதெல்லாம் கூடப் போகட்டும். இந்தப் பழம்பெருமை இன்னொரு ரூபம் எடுக்கும்போதுதான் உண்மையிலேயே வலிக்கிறது. "அப்பெல்லாம் கம்பெனிக்குள்ள ராஜா பாட்டு ஓடும். இப்போ பூரா இந்திக்காரன் பாட்டு." இதைச் சொல்லும்போது குரலில் இருப்பது இசை ரசனை இல்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பக்கத்து மிஷினில் உட்கார்ந்து தைக்கும் மனிதன் மேல் இருக்கும் வெறுப்பு. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு திருப்பூர் வரைக்கும் வந்து விசாரித்துவிட்டுப் போனது. பொய் வீடியோ அத்தனை சீக்கிரம் பற்றிக்கொண்டது என்றால், இந்த மாதிரி டீக்கடை முணுமுணுப்புகளுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

அந்தப் பொற்காலமாவது பொற்காலமா? 1984ல் இதே ஊரில் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாலு மாசத்துக்கு மேல் சம்பளம் இல்லாமல் இருந்த குடும்பங்கள் எத்தனை! அப்போது ரேடியோவில் ஓடிய பாட்டு இனித்தது நிஜம். ஆனால் பாட்டு இனித்ததால் காலமும் இனித்தது என்று கணக்குப் போடுவது, சாயத்தண்ணி கலர் கலராக ஓடியதால் நொய்யல் அழகாக இருந்தது என்று சொல்வது போல.

ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு நடந்து போகும் ஒடிசா பையன் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு தன் ஊர்ப் பாட்டைக் கேட்கிறான். லோன் போட்டு லேப்டாப் வாங்கிய காலேஜ் பையன் ராத்திரி ஹெட்போனில் பீட் போட்டுப் பார்க்கிறான். பாக்கையும் தியாகராஜரையும் பேச வைத்த ஆல்பத்தின் மேல் நிஜமாகவே பிரியம் இருக்கிறவர், இந்த ரெண்டு பேரிடமும் போய் "ஏனுங்க தம்பி, என்ன கேக்கறீங்க? நானும் கேக்கட்டுமா?" என்றுதான் ஆரம்பிப்பார். அதுக்கப்புறம் தன்னுடையதை நீட்டுவார். அந்தப் பையனுக்குப் பிடிக்காமலும் போகலாம். போகட்டுமே! ராஜாவுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

அதே ஆல்பத்தில் இன்னொரு துண்டும் இருக்கிறது. பெயர் 'டூ எனிதிங்'. என்ன வேண்டுமானாலும் செய் என்று அவரே சொல்லியாச்சு. நடுவில் நின்று செய்யாதே என்று சொல்ல இவர்கள் யாருங்க?