ஐப்பசியில் உப்பு பார்க்கப் போனவர்கள்

மரக்காணம் உப்பளங்களைப் பற்றி ஒரு பயணக் கட்டுரை இணையத்தில் இருக்கிறது. 'சென்று பார்க்க ஏற்ற காலம்: அக்டோபர் முதல் பிப்ரவரி வரை' என்று அதில் ஒரு வரி வரும். அந்த வரியை எழுதியது நான்தான். கட்டுரையில் என் பெயர் கிடையாது. 800 சொற்கள், சொல்லுக்கு 50 பைசா, மொத்தம் 400 ரூபாய். பணம் வந்து சேர நான்கு மாதமும் பதினோரு வாட்ஸப் நினைவூட்டல்களும் ஆயின.

அந்த 400 ரூபாயைக்கூட மறந்துவிடலாம். நான் மரக்காணத்துக்காரி. என் அம்மா முப்பது வருஷமாக உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர். ஐப்பசி கார்த்திகையில் அங்கே உப்பு இருக்காது என்பது எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வருவதற்கு முன்பே தெரியும். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்திகள் முழுகிப்போகும். கோடையில் வாரி மேட்டில் குவித்து, கீற்று போட்டு மூடிவைத்த உப்புக் குவியல்கள் மட்டும் நிற்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வேலையில்லாமல் கிடக்கும் இந்த மூன்று மாதத்துக்காகத்தான் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது. எங்கள் வீட்டில் அடுப்பு எப்போது தணிந்து எரியுமோ, அந்த மாதங்களைத்தான் 'ஏற்ற காலம்' என்று எழுதிக் கொடுத்தேன்.

எப்படி எழுதினேன் என்று சொல்கிறேன். கிளையண்ட் அனுப்பிய படிவத்தில் 'ஏற்ற காலம்' என்று ஒரு கட்டம் இருந்தது. கூகுளில் முதலில் வந்த ஐந்து பக்கங்களைத் திறந்தேன். தமிழ்நாட்டின் எந்த ஊரைப் பற்றி எழுதினாலும் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை என்றுதான் போடுகிறார்கள், வெயில் குறைவு என்று. அதையே கட்டத்தில் நிரப்பினேன். பக்கத்திலேயே இருக்கும் கழுவேலிக்கு அது சரி. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு 2024இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்த அந்த ஏரிக்கு வலசைப் பறவைகள் அப்போதுதான் வருகின்றன. உப்புக்குப் பறவையின் பருவம் பொருந்தாது.

அடுத்த நவம்பரில் ஒருநாள் அம்மா போன் செய்தார். கேமராவும் கையுமாக இரண்டு பையன்கள் பைக்கில் வந்தார்களாம். தண்ணீர் நிற்கிற பாத்தியைப் பார்த்துவிட்டு "உப்பு எங்கம்மா?" என்று கேட்டார்களாம்.

"நெட்டுல போட்டிருந்துச்சாம்டி. எவனோ ஒன்னும் தெரியாதவன் எழுதியிருக்கான். ஐப்பசியில எங்க உப்பு?"

நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு 'எழுத்தாளர்களுக்கான 10 டிப்ஸ்' என்று எதைப் பார்த்தாலும் கோபம் வருகிறது. ஏனென்றால் அந்த வரியை நான் தெரியாமல் எழுதவில்லை. தெரிந்தும் எழுதினேன். எனக்குத் தெரிந்தது எதுவும் தேவைப்படாத ஒரு எழுத்துமுறையை எனக்குப் பழக்கியிருந்தார்கள். இரண்டு வருஷம் வீடியோ பார்த்து, 1,499 ரூபாய் கட்டி ஒரு ஆன்லைன் வகுப்பும் முடித்து, ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். அங்கே கற்றதையெல்லாம் அந்த உப்புக் கட்டுரையில் போட்டிருந்தேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் டிப்ஸ்: 'முதல் வரியிலேயே வாசகரை இழுங்கள், ஆச்சரியமான தகவலில் தொடங்குங்கள்.' தொடங்கினேன். ரோமானியப் படைவீரர்களுக்கு உப்பாகவே சம்பளம் கொடுத்தார்கள், அதிலிருந்துதான் 'சாலரி' வந்தது என்று. உப்பைப் பற்றிய கட்டுரைகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். அந்தச் சொல்லின் வேர் லத்தீனில் உப்பைக் குறிக்கும் சொல்தான், மூத்த பிளினியும் இரண்டையும் சேர்த்துப் பேசுகிறார். ஆனால் வீரர்களுக்குக் கூலியாக உப்பை அளந்து கொடுத்தார்கள் என்பதற்குப் பழைய ஆதாரம் எதுவும் இல்லை. தமிழில் எழுதினால் கூடவே 'சம்பா + அளம் = சம்பளம்' என்று ஒரு வாய்ப்பாடும் ஒட்டிக்கொள்ளும். அதை யாரும் சரிபார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. ஆச்சரியம் வேண்டுமென்றால் இங்கேயே இருக்கிறது: உப்பு விற்கும் பெண் நெல்லுக்குச் சமமாக உப்பை மாற்றிக்கொள்ளச் சொல்லித் தெருவில் கூவுகிற காட்சி அகநானூற்றில் இருக்கிறது. பெரிப்ளூஸ் குறிப்பிடும் சோபட்மா துறைமுகம் எங்கள் ஊர்தான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. இதெல்லாம் எனக்கு அப்போதும் தெரியும். ஆனால் முதல் ஐந்து பக்கங்களில் அது இல்லையே.

இரண்டாவது டிப்ஸ்: 'எளிய சொற்களில் எழுதுங்கள்.' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் 'பாத்தி' என்று எழுதியதை எடிட் செய்தவர் 'உப்பு வயல்' என்று மாற்றினார். 'அளம்' போய் 'உப்புப் பண்ணை' வந்தது. தலைப்பில் 'வெள்ளைத் தங்கம்' ஏறி உட்கார்ந்தது. பாத்தியைவிட எளிய சொல் எது? இரண்டு எழுத்து போக ஒரு ஒற்று. கீரைப் பாத்தி பார்த்த யாருக்கும் புரியும். எளிமை என்று இவர்கள் சொல்வது, வேலை செய்கிறவர்களின் வாயில் இல்லாத சொல்லை, படிக்கிறவர்களுக்குப் பழகிய சொல் என்று நம்பிப் போடுவது. சொல் போனால் கூடவே வேலையும் போய்விடுகிறது. 'கடல்நீர் வெயிலில் காய்ந்து உப்பாகிறது' என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். கடல்நீரின் அடர்த்தி ஏறக்குறைய 3 டிகிரி. அது பாத்தி பாத்தியாக மாறி, 25 டிகிரி ஏறினால்தான் உப்பு படியத் தொடங்கும். 29, 30ஐத் தாண்ட விட்டால் மெக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும், நசநசக்கும். அதற்குள் அந்தத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். தண்ணீர் விடுவதற்கு முன்னால் பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும், இல்லையென்றால் உப்போடு சேறு வரும். அம்மாவின் பாத வெடிப்பு அந்த மிதியில் வந்தது. இதில் ஒரு சொல்கூட என் 800இல் இல்லை.

மூன்றாவது டிப்ஸ்: 'கூகுளுக்குப் பிடித்த நீளத்தில் எழுதுங்கள், கீவேர்டை இத்தனை தடவை போடுங்கள்.' கூகுளே எழுத்தாளர்களுக்கான தன் வழிகாட்டியில், குறிப்பிட்ட சொல் எண்ணிக்கை எதுவும் தனக்குப் பிடித்ததில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. தரத்தை மதிப்பிடும் அளவுகோலில் 2022 டிசம்பரில் புதிதாக ஒன்றையும் சேர்த்தது: அனுபவம். எழுதியவர் அதை நேரில் பார்த்தவரா, செய்தவரா என்ற கேள்வி. விளம்பரம் விற்கிற கம்பெனிகூட 'நேர்ல பாத்தியா?' என்று கேட்க ஆரம்பித்துவிட்டது. நம் வகுப்புகளில் இன்னும் கேட்கவில்லை.

இதே சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்தது. அடுத்த ஒரு வருஷத்துக்குள் என் கிளையண்ட் ஒருவர், "மேட்டர் ரெடியா இருக்கு மேடம், நீங்க சும்மா எடிட் பண்ணிக் குடுத்தா போதும்" என்று சொல்லுக்கு 20 பைசா பேசினார். அவரைத் திட்டிப் பயனில்லை. ஹூக், கீவேர்ட், சின்னப் பத்தி, கடைசியில் ஒரு கேள்வி என்று பத்துக் கட்டளையில் அடங்கிவிடுகிற எழுத்தை இயந்திரம் நிமிஷத்தில் எழுதித் தந்துவிடும். நம்மை இயந்திரம் மாதிரி எழுதப் பழக்கியவர்கள், இப்போது 'ஏஐ காலத்தில் எழுத்தாளர் பிழைப்பது எப்படி' என்று அடுத்த வகுப்புக்குப் பணம் வாங்குகிறார்கள்.

இங்கே ராஜம் கிருஷ்ணனை நினைத்துக்கொள்ள வேண்டும். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 'கரிப்பு மணிகள்' எழுதியவர். மீனவர்களைப் பற்றி எழுத வேண்டுமென்றால் கடற்கரைக்கும், படகர்களைப் பற்றி எழுத வேண்டுமென்றால் நீலகிரிக்கும் போனவர். உப்பளத்துக்கும் போய்ப் பார்த்து, கேட்டு எழுதினார். பள்ளிப்படிப்பைக்கூட முழுதாக முடிக்காத, சின்ன வயதிலேயே கல்யாணமாகிப்போன ஒரு பெண்ணுக்கு அது முடிந்திருக்கிறது. களத்துக்குப் போனால் காசு கொட்டும் என்று சொல்ல இதை எடுக்கவில்லை. கடைசிக் காலத்தில் அவர் முதியோர் இல்லத்தில் இருந்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே, 2009இல், அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கி உதவித்தொகை தந்தது. நல்ல எழுத்து தன்னால் சோறு போடும் என்பதும் ஒரு பொய் டிப்ஸ்தான்.

இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள்: "சொல்லுக்கு 50 பைசா குடுக்கறவனுக்காக எவன் பஸ் ஏறி மரக்காணம் போவான்?" நியாயமான கேள்வி. 400 ரூபாய்க்கு நான் எழுதியது போன்ற கட்டுரைதான் வரும். அதனால்தான் சொல்கிறேன், கூலி பேசுவதுதான் எழுத்தின் முதல் பாடம். அதை எந்த டிப்ஸும் சொல்வதில்லை. 'ஆரம்பத்துல ஃப்ரீயா எழுதுங்க, பேர் வரும்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

போன கோடையில் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அந்த 'ஒன்னும் தெரியாதவன்' நான்தான் என்று. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"அதுக்கு எவ்ளோ குடுத்தான்?"

"நானூறும்மா."

"அன்னிக்கே குடுத்தானா?"

"நாலு மாசம் கழிச்சு."

"கூலி பேசாம எவளாச்சும் பாத்தியில எறங்குவாளாடி?"

எழுத்தறிவில்லாத என் அம்மா கேட்டதை எந்த வகுப்பும் கேட்கவில்லை. அதனால் எனக்குப் பிறகு தெரியவந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் மாதச் சம்பள ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து எழுதிக் கொடுத்தால், அந்தக் கட்டுரையின் முதல் உரிமையாளர் நீங்கள்தான். உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும். அந்தப் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷத்துக்கு மட்டும்தான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். எழுத்து வேலையும் ஒரு சேவைத் தொழில். 'உத்யம்' தளத்தில் காசில்லாமல் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்தபின் செய்து கொடுக்கும் வேலைக்கு, 2006ஆம் வருஷத்துச் சட்டப்படி, என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. இதையெல்லாம் கோர்ட்டுக்குப் போய்த்தான் பயன்படுத்த வேண்டும் என்றில்லை. வேலை தொடங்குவதற்கு முன் ரேட், தேதி, எத்தனை திருத்தம், உரிமை யாருக்கு என்ற நான்கையும் ஒரு மெயிலில் எழுதிக் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லாதவர் பணமும் தரமாட்டார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கூலி பேசியபின் அடுத்தது நேரில் பார்ப்பது. பஸ் ஏற முடியாவிட்டால், தெரிந்த ஒருவருக்கு போன் போடுவது. எனக்கு ஒரு போன் போதும். "அம்மா, உப்பு பாக்க எப்ப வரலாம்?" இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல்தான் 800 சொல் எழுதினேன்.

நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அப்படியானால் சட்டப்படி அந்தத் தப்பான வரிக்கு இன்னும் நான்தான் சொந்தக்காரி. மாற்றச் சொல்லி மெயில் அனுப்பினேன். "ஆர்டிக்கிள் நல்லா ரேங்க் ஆகுது மேடம், இப்ப கை வெக்க வேணாம்" என்று பதில் வந்தது. மறுபடி எழுதியிருக்கிறேன், இந்தத் தடவை சட்டப்பிரிவு போட்டு.

அதுவரை திருத்தம் இங்கே இருக்கட்டும். மரக்காணத்தில் உப்பு பார்க்க வேண்டுமென்றால் பங்குனியிலிருந்து ஆனிக்குள் வாருங்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால், விடிகாலையில் வாருங்கள், அப்போதுதான் ஆட்கள் பாத்தியில் இருப்பார்கள். வரப்பில் நடங்கள், பாத்திக்குள் செருப்போடு இறங்காதீர்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். ஐப்பசியில் வந்தால் உப்பு இருக்காது, அம்மா வீட்டில் இருப்பார்.