பழகுவதில்லை, பிழைக்கிறது

சித்தூரிலும் திருப்பதியிலும் இந்தப் பேச்சு இரண்டு மொழியிலும் காதில் விழும். தமிழில் "பழகிடும்", தெலுங்கில் "அலவாட்டு அயிபோதுந்தி". நாள்கணக்கில் மாத்திரை விழுங்கினால் கிருமிக்கு மருந்து பழகிவிடுமாம். அதனால் உடம்பு தேறியதும் நிறுத்திவிட வேண்டுமாம். காசநோய் வந்தவரிடம் இதைச் சொல்வது அவர் உயிரோடு விளையாடுவது. ஆகவே ஒவ்வொரு கூற்றாக எடுத்து மறுக்கிறேன்.

"கிருமி மருந்தைப் பார்த்துப் பழகுகிறது."

இல்லை. கிருமி இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுக்கிறது. காசநோய்க் கிருமிக்கு அது 44 லட்சம் எழுத்துள்ள ஏடு. திருமலையில் அன்னமாச்சார்யரின் கீர்த்தனைகளைச் செப்பேட்டில் பொறித்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். செம்பில் விழுந்த தவறான எழுத்தை எளிதில் அழிக்க முடியாது. கிருமிக்கு அந்த வசதி உண்டு. தவறான எழுத்து சேர்ந்ததும் படியெடுக்கும் நொதி அதை வெட்டி எறிந்துவிட்டுச் சரியானதை வைக்கிறது. அங்கே தப்பியதைப் பிடிக்க வேறு நொதிகளும் இருக்கின்றன. இத்தனை காவலையும் மீறி, ஏறத்தாழ ஆயிரம் படிகளுக்கு ஒன்றில் புதிய பிழை தங்கிவிடுகிறது. நுரையீரலில் விழுந்த குழி ஒன்றிலேயே பத்துக் கோடிக் கிருமிகள் இருக்கலாம். அவை ஒருமுறை பிரிந்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் புதிய பிழைகள்! அவற்றில் ஏதோ ஒன்று, மருந்து போய் ஒட்டும் இடத்தையே மாற்றிவிடும்.

இந்தப் பிழை மருந்துக்கு முன்பே நேர்கிறது. 1943-இல் லூரியாவும் டெல்புரூக்கும், பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸை வைத்து இதைக் காட்டினார்கள். 1952-இல் லெடர்பெர்க் தம்பதியர், ஒரு தட்டில் வளர்ந்த பாக்டீரியாக் கூட்டங்களை வெல்வெட் துணியில் ஒற்றி, மருந்து கலந்த தட்டில் பதித்தார்கள். அங்கே தாக்குப்பிடித்தவை எவை என்று பார்த்து, மருந்தே படாத முதல் தட்டில் அதே இடத்தைத் தேடினார்கள். தாங்கும் கிருமிகள் அங்கே ஏற்கெனவே இருந்தன. கிருமி எதையும் கற்றுக்கொள்ளவில்லை. மற்றவை மடிந்தன, பிழை பிழைத்தது.

"தேறியதும் நிறுத்தினால் பழகாது."

நடப்பது நேர் எதிர். காசநோய்க் கிருமி ஒருமுறை பிரியவே ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. சில பிரியாமல் முடங்கிக் கிடக்கும். சுறுசுறுப்பாகப் பெருகுபவை முதலில் சாகின்றன. இருமல் குறைகிறது, பசி எடுக்கிறது. முடங்கியவை அப்படியே இருக்கின்றன. அந்த நேரத்தில் மாத்திரையை நிறுத்தினால் அவை எழுந்து மறுபடி படியெடுக்கும், மறுபடி பிழை செய்யும். வேறு சில தொற்றுகளுக்குச் சில நாள் மருந்தே போதும் என்பது உண்மை. எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். இருமல் முடிவு செய்யக் கூடாது.

"ஒரு மருந்து போதாதா, நான்கு எதற்கு?"

ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு 1948-இல் வெளியானது. முதலில் தேறியவர்கள் பலருக்கு, மருந்தைத் தாங்கும் கிருமிகள் பெருகின. காரணம் கணக்கில் இருக்கிறது. அந்த நான்கில் ஒன்றான ஐசோநயசிட்டைத் தாங்கும் கிருமி சுமார் பத்து லட்சத்தில் ஒன்று. இன்னொன்றான ரிஃபாம்பிசினைத் தாங்குவது சுமார் பத்துக் கோடியில் ஒன்று. இரண்டு பிழையும் ஒரே கிருமியில் சேர வேண்டுமானால் இரண்டு எண்ணையும் பெருக்க வேண்டும். அவ்வளவு கிருமி எந்த நுரையீரலிலும் கிடையாது. சேர்த்துச் சாப்பிடும் மாத்திரைகள் ஒன்றுக்கொன்று காவல்.

"மருந்தே பிழையைக் கூட்டுகிறதே?"

இதில் உண்மை உண்டு, மறைக்கவில்லை. சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவை டி.என்.ஏ.வின் முறுக்கைக் கையாளும் நொதியைத் தாக்கி இழையையே அறுக்கின்றன. அப்போது கிருமி, பிழை அதிகம் செய்யும் அவசர நொதிகளை வேலைக்கு அழைக்கும். கொல்லவும் போதாமல், காயம் மட்டும் செய்யும் அளவு மருந்து ஆபத்தாவது இதனால்தான். ஆகவே இது அரைகுறையாகச் சாப்பிடுவதற்கு எதிரான வாதமே.

"நல்ல காற்றும் சாப்பாடும் போதும்."

பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளி அருகே, ஆரோக்கியவரம் சானட்டோரியம் 1915-இல் தொடங்கியபோது ஓய்வும் காற்றும் உணவுமே பெரிய சிகிச்சை. வேறு மருந்து இல்லை. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு 193 நோயாளிகளை இரு பிரிவாக்கியது: ஒரு பிரிவுக்குச் சானட்டோரியம், மறு பிரிவுக்கு நெரிசலான சொந்த வீடு. மருந்து இருவருக்கும் ஒன்றே. 1959-இல் வந்த முடிவில், வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்திருந்தார்கள். சாப்பாடு உடம்பைத் தேற்றும், அது தேவை. கிருமியைக் கொன்றது மருந்து.

தெம்பாக நடமாடும் ஒருவர் ஆறாம் மாதத்திலும் மாத்திரை விழுங்குவது என்றோ நின்றுபோன இருமலுக்காக அல்ல. இன்னொரு படி எடுக்கக் காத்துக் கிடக்கும் அந்தச் சில ஏடுகளுக்காக.