பிரஸ்ஸல்ஸ் சட்டமும் ஓசூர் பட்டறையும்

ஓசூரில் போல்ட், நட்டு தயாரிக்கும் சிறு பட்டறைக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு எக்செல் படிவம் வருகிறது. டன்னுக்கு எவ்வளவு மின்சாரம் செலவானது, கம்பி எந்த ஆலையில் உருக்கப்பட்டது, அங்கே எவ்வளவு கரியமில வாயு வெளியேறியது என்று ஆங்கிலத்தில் அடுக்கடுக்காகக் கேள்விகள். சரியான கணக்கு இல்லையென்றால் ஐரோப்பிய ஒன்றியமே நிர்ணயித்த கூடுதல் அளவு கணக்கில் ஏறும். அந்த அளவுக்கேற்ற கார்பன் கட்டணத்தைச் செலுத்துபவர் இறக்குமதியாளர்தான்; ஆனால் அதைப் பட்டறைக்காரரின் விலையில் கழித்துக்கொள்ள அவருக்கு எவ்வளவு நேரமாகும்?

இறக்குமதிப் பொருளைத் தயாரிக்கையில் வெளியேறிய கரியமில வாயுவுக்காக ஒன்றியம் விதிக்கும் இந்தக் கார்பன் எல்லை வரி திடீரென முளைத்ததல்ல. 2021 ஜூலையில் முன்மொழியப்பட்டு, 2023 அக்டோபரில் கணக்குக் கேட்கத் தொடங்கியது. 2026 ஜனவரி 1 முதல் ஐரோப்பாவுக்குள் நுழையும் சரக்குக்குப் பணமும் கட்டியாக வேண்டும். ஒன்றியத்தின் சட்டங்கள் 24 ஆட்சிமொழிகளில் வெளியாகின்றன. ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் 1999இல் தொடங்கிய யூராக்டிவ் போன்ற செய்தி நிறுவனங்கள், கொள்கை வரைவாக இருக்கும்போதே அதைப் பல மொழிகளில் அலசுகின்றன. அங்குள்ள தொழில்முனைவோர் சட்டம் உறுதியாகும் முன்பே வாதாட முடிகிறது. ஓசூர்க்காரருக்கோ வாங்குபவரின் மின்னஞ்சல்தான் முதல் செய்தி. ஆண்டுக்கு 50 டன்னுக்குள் இறக்குமதி செய்பவருக்கு 2025இல் விலக்கு தரப்பட்டதே, நீங்கள் அதில் வருகிறீர்களா என்று திருப்பிக் கேட்கக்கூட அவருக்கு வழியில்லை.

இது அநீதி. இதில் ஐரோப்பாவின் குற்றத்தைவிட டெல்லியின் குற்றம் பெரிது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எல்லா மொழிகளிலும் வெளியிடுமாறு 2020 ஜூனில் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மத்திய அரசு மொழிபெயர்ப்பாளர்களைத் தேடவில்லை, உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தன் சட்டத்தையே மக்கள் மொழியில் சொல்ல மறுக்கும் அரசு, அயலார் சட்டத்தையா விளக்கப்போகிறது?

தமிழ் ஊடகங்களும் தப்ப முடியாது. யானை நடமாட்டத்துக்கும் நெடுஞ்சாலை விபத்துக்கும் ஓசூரில் செய்தியாளர் இருக்கிறார். கிருஷ்ணகிரி மாங்கூழின் பூச்சிக்கொல்லி எச்ச வரம்பையும் தளி ரோஜாவின் ஏற்றுமதி விதியையும் முடிவுசெய்யும் பிரஸ்ஸல்ஸைக் கவனிக்க யாரை வைத்திருக்கிறோம்?

தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் இது. கார்பன் கணக்குப் படிவத்தின் விளக்கத்தை இந்த நான்கு மொழிகளிலும் மாவட்டத் தொழில் மையம் உடனே வெளியிட வேண்டும். அடுத்த ஐரோப்பிய வரைவு வெளியாகும்போது, கருத்துச் சொல்லும் கெடு முடியும் முன்பே அது ஓசூருக்கு வந்து சேர வேண்டும்.