பயம் தொடங்கி வைக்கலாம். தொடரச் செய்வது எது?



டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, வாக்குத்தத்த அட்டையைக் கையில் ஏந்தி வீடு திரும்பும்போது, நம்மில் அநேகர் இருதயத்தில் ஒரு தீர்மானத்தையும் சுமந்து வருகிறோம். "இந்த ஆண்டு எடையைக் குறைப்பேன், காலையில் நடப்பேன், எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடமாட்டேன்" என்கிறோம். ஜனவரி முதல் வாரத்தில் நடைப்பயிற்சிக்கென்று புதிய காலணியும் வாங்கிவிடுகிறோம். பிப்ரவரி பிறக்கும்போது அந்தக் காலணி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. "எனக்கு மனவுறுதி போதாது" என்று நம்மை நாமே குற்றப்படுத்திக் கொள்கிறோம். குறைவுபட்டது மனவுறுதிதானா, அல்லது அந்தத் தீர்மானத்திற்கு நாம் போட்ட அஸ்திபாரமா? இம்மாதம் இதைக் குறித்துச் சிந்திப்போம்.

பிழைப்பிற்காக மும்பைக்கும் தில்லிக்கும் பெங்களூருக்கும் வந்து குடியேறிய நமக்கு இது வீண் கேள்வியன்று. ஊரில் வயலுக்கும் சந்தைக்கும் நடந்த கால்கள், இங்கே நாள் முழுவதும் நாற்காலியின் கீழ் மடங்கிக் கிடக்கின்றன. இரவுச் சாப்பாடு பத்து மணியைத் தாண்டுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவோடு நடத்தப்பட்டு 2023-ல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் ஏறக்குறைய 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் நிற்பதாகவும் கணக்கிட்டது. கிராமங்களில் நூறு பேரில் ஏறக்குறைய 9 பேருக்கு இருக்கும் அந்நோய், நகரங்களில் 16 பேருக்கு இருக்கிறது.

பயத்தின் பலன் எவ்வளவு?

இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்து மருத்துவர் முகம் சுளித்தால் நமக்குப் பயம் பிடிக்கிறது. அந்தப் பயம் முற்றிலும் வீணென்று சொல்லமுடியாது. அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு பராமரிக்கப்பட்டு வருகிறது. ஏறக்குறைய 14 கிலோ எடையைக் குறைத்து, ஓராண்டிற்குக் குறையாமல் அதைக் காத்துக்கொண்டவர்கள் அதில் இடம்பெறுகிறார்கள். உடல்நலத்தில் நேர்ந்த ஓர் அதிர்ச்சியால் தூண்டப்பட்டுத் தொடங்கியவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் நன்றாக நிலைத்தார்கள் என்று அதை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

ஆயினும் அவர்களை நிறுத்தியது பயம் மாத்திரமா? அப்பதிவேட்டிலுள்ள பெரும்பாலோர் நாள்தோறும் உடற்பயிற்சி செய்கிறார்கள்; காலை உணவைத் தவிர்ப்பதில்லை; வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். பயம் அவர்களுக்குக் கதவைத் திறந்தது. உள்ளே நடந்து சென்றது இப்படிப்பட்ட எளிய பழக்கங்களால்தான். உயர்ந்த சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பெரும்பாலும் வலி தருவதில்லை. வலிக்காத ஒன்றைக் குறித்து மாதக்கணக்கில் பயந்துகொண்டிருக்க எவராலும் இயலாது. அறிக்கை மேசை அறைக்குள் போகிறது. பயமும் கூடவே போய்விடுகிறது.

கேலி மருந்தாகாது

ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன், "என்ன சிஸ்டர், இப்படிப் பருத்துவிட்டீர்கள்?" என்று நலம் விசாரிக்கிற வழக்கம் நம்மிடையே உண்டு. வீட்டில் பிள்ளைகளுக்கு முன்பாகவே கணவனின் தொப்பையைப் பரிகசிக்கிற மனைவியும் உண்டு. பிரசவத்திற்குப் பின் கூடிய எடையைச் சுட்டிக்காட்டி மனைவியைக் குத்துகிற கணவனும் உண்டு. "சொன்னால்தானே உறைக்கும்" என்பது இவர்களுடைய நியாயம்.

இங்கிலாந்தில் ஏறக்குறைய 3,000 பேரை நான்கு ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வு 2014-ல் வெளியானது. உடல் எடையினிமித்தம் தாங்கள் இழிவாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்களுக்கு எடை சராசரியாக ஏறக்குறைய ஒரு கிலோ கூடியிருந்தது. அப்படி நடத்தப்படாதவர்களுக்கோ சற்றுக் குறைந்திருந்தது. அவமானப்பட்டவர் பூங்காவில் பலர் முன் நடக்கக் கூசுகிறார்; வீட்டில் தனித்திருந்து உண்டு ஆறுதலடைகிறார். ஆகையால், நீங்கள் நேசிக்கிறவர் மாறவேண்டுமென்று விரும்பினால், முதலில் கேலியை நிறுத்துங்கள்.

உங்கள் காரணம் எது?

பிறர் சொன்னதற்காகச் செய்கிற காரியம், அவர் பார்க்காதபோது நின்றுவிடும். தன் உள்ளத்திலிருந்து எழுந்த காரணமோ தனிமையிலும் கூடவே வரும். "சாகாமலிருக்க" என்பது பெரிய காரணந்தான். ஆனால் இன்று மாலை சூடான வடா-பாவ் எதிரே வரும்போது அது வெகுதூரத்தில் நிற்கிறது. அருகிலிருக்கிற காரணத்தைத் தேடுங்கள். ரயில் நிலையப் படிக்கட்டில் மூச்சிரைக்காமல் ஏறவேண்டும். முழங்கால் வலியின்றி முழங்காலிட்டு ஜெபிக்கவேண்டும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வயதான தாயைக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்லும் பெலன் வேண்டும். இவற்றில் எது உங்களுடையது? அதை ஒரு தாளில் எழுதி, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலோ அலுவலகப் பையிலோ வையுங்கள்.

சிறிய படி, குறித்த நேரம்

டாக்டர் அ. இராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடத்தப்பட்டு 2006-ல் வெளியான ஆய்வு நமக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது. நீரிழிவின் முன்நிலையில் இருந்த 531 பேர் அதில் பங்குபெற்றனர். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவு நோயாளிகளானார்கள். நாள்தோறும் அரைமணி நேரம் வேகமாக நடந்து, சர்க்கரை, எண்ணெய், தீட்டிய தானியம் இவற்றைக் குறைக்கும்படி வழிநடத்தப்பட்டவர்களிலோ அது 39 பேராகக் குறைந்தது. கவனியுங்கள்: இவர்களுடைய எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை! எடை பார்க்கும் இயந்திரத்தின் முள் அசையவில்லை என்று நடையை நிறுத்திவிட நினைக்கிறவர்களே, முள் காட்டாத நன்மை உங்கள் இரத்தத்தில் நடந்துகொண்டிருக்கக்கூடும்.

அந்த அரைமணி நேரத்தை எங்கே கண்டுபிடிப்பது? ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒன்றோடு அதை இணையுங்கள். பிள்ளையைப் பள்ளியில் விட்டபின் ஒரு சுற்று. ஒரு நிறுத்தத்திற்கு முன்னதாகவே பேருந்திலிருந்து இறங்கி மீதித் தூரம் நடை. லண்டனில் 96 பேரைக் கொண்டு செய்யப்பட்டு 2010-ல் வெளியான ஆய்வில், ஒரு புதிய செயல் பழக்கமாக வேரூன்றச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்களே போதுமாயிருந்தன. சிலருக்கு 254 நாட்கள் ஆகும் என்று கணக்கிடப்பட்டது. இடையில் ஒருநாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. ஆகவே மழையினாலோ ஷிப்ட் மாறியதினாலோ ஒருநாள் விடுபட்டால், "எல்லாம் போயிற்று" என்று சோர்ந்துபோகாதீர்கள். மறுநாள் எழுந்து நடங்கள்.

துணை வேண்டும்

தென்னிந்தியாவில், நீரிழிவின் முன்நிலையிலிருந்த, பணிக்குச் செல்லும் ஆண்கள் 537 பேரிடம் நடத்தப்பட்ட மற்றொரு ஆய்வு 2013-ல் வெளியானது. எல்லாருக்கும் தொடக்கத்தில் ஆலோசனை கொடுக்கப்பட்டது. பாதிப்பேருக்கு மட்டும் கைப்பேசியில் அவ்வப்போது குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. இரண்டு ஆண்டுகளில், செய்தி பெறாதவர்களில் நூற்றுக்கு 27 பேரும், பெற்றவர்களில் 18 பேரும் நோய்க்குள்ளானார்கள். இரண்டு வரிச் செய்திக்கே இவ்வளவு பலன் இருக்குமானால், "இன்று நடந்தீர்களா, அண்ணா?" என்று அன்போடு கேட்கிற ஒரு குரலுக்கு எவ்வளவு பலன் இருக்கும்! சபையிலே இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து நடக்கலாமே. வீட்டு ஜெபக்கூட்டத்தில் சமோசாவுக்குப் பதிலாகச் சுண்டல் வைக்கலாமே. சர்க்கரையில்லாத தேநீரையும் ஒரு பாத்திரத்தில் வைத்தால், கேட்க வெட்கப்படுகிறவர்களும் எடுத்துக்கொள்வார்கள்.

ஓர் எச்சரிப்பு: நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், மருத்துவரைக் கேளாமல் உபவாசமிருக்கவேண்டாம், சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எடை குறைந்தது என்று மருந்தை நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ வலியோ கண்டால், தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பிரியமானவர்களே, அடுத்த ஜனவரிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்று இரவு சாப்பாட்டிற்குப்பின், உங்கள் துணைவரிடம் எடையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், "உங்களுக்கு நான் எந்த விதத்தில் உதவியாயிருக்கட்டும்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வந்தபின், கட்டிலுக்கு அடியில் இருக்கும் காலணியை எடுத்துத் தூசி தட்டி வாசலருகே வையுங்கள். ஒன்றல்ல, இரண்டு ஜோடியாக.