மறப்பதில்லை, மறைக்கிறார்கள்

“சின்னப் பிள்ளைதானே, நாலு நாளில் மறந்துவிடும். அதன் காதில் விழும்படி அப்பா பேச்சை எடுக்காதீர்கள்.” இழவு வீடுகளில் இப்படி யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. சொல்பவருக்குப் பிள்ளைமீது அக்கறை இருக்கிறது என்பதால் மறுத்துப் பேச எவருக்கும் வாய் வருவதுமில்லை. ஆனால் மறுத்தே ஆகவேண்டிய நம்பிக்கை இது. அமெரிக்காவில், பெற்றோரையோ உடன்பிறந்தவரையோ பறிகொடுத்த பிள்ளைகளுக்கென்றே விடுமுறை முகாம்கள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. அவற்றைப் பற்றிச் சொன்னதும் எழும் முதல் கேள்வியும் இதன் மறுவடிவம்தான்: விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையைக் கூட்டிப்போய் எதற்கு அழவைக்க வேண்டும்?

அந்த விளையாட்டுதான் பெரியவர்களை ஏமாற்றுகிறது. பெரியவர்கள் துக்கத்தில் நாள் முழுக்க மூழ்கிக் கிடப்பார்கள். பிள்ளை பத்து நிமிடம் அழும், பிறகு பந்தை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடும், இரவு படுக்கையில் மறுபடி விம்மும். நாம் பார்ப்பது பந்தை மட்டும். ஆய்வாளர்கள் வில்லியம் வோர்டனும் ஃபிலிஸ் சில்வர்மனும் பாஸ்டன் பகுதியில் தாயையோ தந்தையையோ இழந்த 70 குடும்பங்களின் 125 பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். இழப்பு நேராத பிள்ளைகளோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில், கடுமையான மன, நடத்தைச் சிக்கல்கள் இழந்தவர்களில் 19 விழுக்காட்டினரிடமும் மற்றவர்களில் 10 விழுக்காட்டினரிடமும் இருந்தன. நாள் போனால் ஆறிவிடும் என்ற கணக்கு சரியாக இருந்திருந்தால் இரண்டாம் ஆண்டில் இந்த இடைவெளி சுருங்கியிருக்க வேண்டும். அது 21, 6 என்று அகன்றது. சுற்றமும் பள்ளியும் “பிள்ளை தேறிவிட்டது” என்று முடிவுகட்டிய பிறகே சுமை கூடுகிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். வயதுக்கும் இதில் பங்குண்டு. போனவர் திரும்பி வரமாட்டார் என்பதே ஐந்து வயதில் முழுதாக விளங்காது. பத்து வயதில் அது விளங்கும்போது அதே அப்பாவை இன்னொரு முறை இழக்க நேர்கிறது. அப்போது கேட்கலாம் என்றால் வீட்டில் அந்தப் பேச்சே நின்றுபோயிருக்கிறது.

பேசாமல் இருப்பதால் பிள்ளை நினைக்காமல் இருப்பதில்லை. மூளைக் கட்டியோடு சிகிச்சைக்குப் போர்ட்லண்ட் வந்த டௌகி என்ற சிறுவன், மருத்துவமனையில் நோயுற்ற மற்ற பிள்ளைகளோடு சாவைப் பற்றி இயல்பாகப் பேசியதைக் கண்ட பெவர்லி சாப்பல், 1982இல் அவன் பெயரிலேயே துக்கப்பட்ட பிள்ளைகளுக்கான மையத்தைத் தொடங்கினார். 1998இல் வர்ஜீனியாவில் ‘கம்ஃபர்ட் சோன்’ முகாமைத் தொடங்கிய லின் ஹியூஸ், பன்னிரண்டு வயதுக்குள் தாய், தந்தை இருவரையும் இழந்தவர். அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் துணையாக ஒரு பெரியவர் முகாம் முழுக்கக் கூடவே இருக்கிறார். ஓட்டமும் விளையாட்டும் உண்டு. நடுநடுவே ஒத்த வயதினர் சிறு வட்டமாக உட்கார்ந்து, யார் போனார், எப்படிப் போனார் என்று பேசுவதும் உண்டு. பள்ளியில் அப்பா இல்லாத ஒரே பிள்ளையாக, எல்லாருடைய பரிதாபப் பார்வைக்கும் ஆளாகிறவன் அந்த வட்டத்தில் பத்தோடு பதினொன்றாகிறான். அந்த ஆறுதலை எந்தப் பெரியவராலும் தர முடியாது.

துக்கப்பட்டவர்களை ஒரே இடத்தில் சேர்த்தால் துக்கம் பெருகாதா என்று கேட்பார்கள். கட்டாயப்படுத்திப் பேசவைத்தால் அந்த ஆபத்து உண்டுதான். பேசாமல் உட்கார்ந்திருக்கவும் பிள்ளைக்கு உரிமை வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே தேறுகிறார்களே என்பார்கள். உண்மைதான், ஆனால் எஞ்சியிருக்கும் தாயோ தந்தையோ நிலைகுலையாமல், பேச்சுக்கு இடம்கொடுத்து, அன்றாடத்தை நடத்திச்செல்லும் வீட்டில் அது எளிது, வாயடைத்த வீட்டில் அரிது. எனக்குப் பொருட்படுத்தத்தக்கதாகத் தோன்றும் ஆட்சேபம் வேறு: இரண்டு மூன்று நாள் முகாம் என்ன சாதித்துவிடும்? முகாமைச் சிகிச்சை என்று சொன்னால் அது மிகைதான். ஆனால் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இர்வின் சாண்ட்லர் குழுவினர் இழப்பு நேர்ந்த 156 குடும்பங்களோடு நடத்திய ஒரு பயிற்சி ஆய்வில் பயன் நெடுங்காலம் நீடித்தது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும், பயிற்சி பெற்ற குடும்பங்களின் பிள்ளைகளிடம் தற்கொலை எண்ணமும் முயற்சியும் குறைவாகவே காணப்பட்டன. அந்தப் பயிற்சி பல வாரங்கள் நடந்தது. பிள்ளைகளுக்கு ஒரு குழு என்றால், அவர்களை வளர்ப்பவர்களுக்கும் தனியே ஒரு குழு இருந்தது. ஆகவே முகாம் நடத்துகிறவர்களிடம் கேட்க வேண்டியது, பிள்ளையை ஏன் அழவைத்தீர்கள் என்பதை அல்ல. மூன்று நாளில் வாய்திறந்த பிள்ளை ஞாயிற்றுக்கிழமை மாலை வீடு திரும்பி அப்பாவின் பெயரைச் சொல்லும்போது, பேச்சை மாற்றாமல் காதுகொடுக்க அந்தத் தாய்க்கு என்ன கற்றுக்கொடுத்தீர்கள் என்பதைத்தான்.